காதுக் குறும்பியும் கல்லீரல் கதவும்

உங்கள் காதுக்குள் இருக்கும் குறும்பி எப்படிப்பட்டது? தேன் நிறத்தில் பிசுபிசுவென்று ஒட்டுமா? இல்லை, சாம்பல் நிறத்தில் காய்ந்த பொருக்குப் போல உதிருமா? விடை தெரிந்துகொள்ள வேண்டும் என்று குச்சியோ ஊக்கோ காதுக்குள் விட்டுவிடாதீர்கள். செவிப்பறை கிழிந்துபோகக்கூடும். குறும்பி தானாகக் காதின் வாசலுக்கு வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

கொரியாவிலும் ஜப்பானிலும் சீனாவின் வடபகுதியிலும் பெரும்பாலோருக்கு உலர்ந்த குறும்பி. ஆப்பிரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஏறக்குறைய எல்லோருக்கும் ஒட்டும் குறும்பி. நம் நாட்டில் இரண்டு வகையும் உண்டு. ஏன் இந்த வேறுபாடு? உணவா, வெயிலா, குளிக்கும் பழக்கமா? 2006-ஆம் ஆண்டு ஜப்பானின் நாகசாகியைச் சேர்ந்த ஆய்வாளர்கள் விடையைக் கண்டுபிடித்தார்கள். இவை எதுவும் காரணமில்லை. ஒரே ஓர் எழுத்துதான் காரணம்!

எந்த எழுத்து? உங்கள் உடலில் ஏறக்குறைய ஒவ்வொரு செல்லுக்குள்ளும் டி.என்.ஏ. என்ற நீண்ட இழை இருக்கிறது. அது ஒரு சமையல் குறிப்புப் புத்தகம் மாதிரி. ஏ, டி, ஜி, சி என்ற நான்கே எழுத்துகளால் எழுதப்பட்டது. மொத்தம் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள். அம்மாவிடமிருந்து ஒரு பிரதி, அப்பாவிடமிருந்து ஒரு பிரதி என்று இரண்டு பிரதிகள் உங்களிடம் உள்ளன. அதில் உள்ள ஒவ்வொரு குறிப்பும் ஒரு மரபணு. பெரும்பாலான மரபணுக்கள், ஒரு புரதத்தை எப்படிச் செய்வது என்று சொல்பவை. புரதம் என்பது அமினோ அமிலம் என்ற மணிகளைக் கோத்த மாலை. மூன்று எழுத்துகளைச் சேர்த்துப் படித்தால், அடுத்து எந்த மணியைக் கோக்க வேண்டும் என்று செல்லுக்குத் தெரியும்.

'அம்மா ரசத்துக்குப் புளி கரைத்தார்' என்று எழுதும்போது 'ளி'க்குப் பதிலாக 'லி' எழுதிவிட்டால் என்ன ஆகும்? பானைக்குள் புலி வந்துவிடும்! டி.என்.ஏ.வில் ஓர் எழுத்து மாறினாலும் சில சமயம் மாலையில் ஒரு மணி மாறிவிடும். மணி மாறினால் புரதத்தின் வேலையும் மாறலாம்.

குறும்பியைத் தீர்மானிக்கும் மரபணுவின் பெயர் ஏபிசிசி11. அதன் 538-ஆவது எழுத்து 'ஜி' என்றால் ஒட்டும் குறும்பி. இரண்டு பிரதிகளிலும் அந்த இடத்தில் 'ஏ' இருந்தால் உலர்ந்த குறும்பி. அந்த ஓர் எழுத்து, மாலையின் 180-ஆவது மணியை மாற்றிவிடுகிறது.

அந்த மாலை என்ன வேலை செய்கிறது? அது ஒரு கதவு!

நம் செல்லைச் சுற்றியிருக்கும் உறை கொழுப்பால் ஆனது. எண்ணெயும் தண்ணீரும் சேராது அல்லவா? அதனால் தண்ணீரில் கரையும் பல பொருள்கள் அந்த உறையைத் தாண்டிப் போக முடியாது. அவற்றுக்கு வழிவிட உறையில் புரதக் கதவுகள் பதிந்திருக்கின்றன. கடத்திப் புரதங்கள் என்று அவற்றைச் சொல்வார்கள். சில கதவுகள் பொருள்களை உள்ளே இழுக்கும். சில கதவுகள் வெளியே தள்ளும். ஏபிசிசி11 வெளியே தள்ளும் வகை. காதின் சுரப்பிகளில் அது சுரப்பை வெளியேற்ற உதவுகிறது. 'ஏ' எழுத்தால் உருவாகும் கதவு சரியாக வடிவம் பெறுவதில்லை. செல்லுக்குள் தரம் பார்க்கும் ஏற்பாடு அதைப் பிடித்து, உறைக்குப் போய்ச் சேரும் முன்பே சிதைத்துவிடுகிறது. கதவு இல்லாததால் குறும்பி உலர்ந்துபோகிறது. இதனால் உடலுக்கு எந்தக் கேடும் இல்லை.

ஆனால் இதே கதவு, சில புற்றுநோய் மருந்துகளையும் செல்லிலிருந்து வெளியே தள்ள வல்லது என்று ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டுகின்றன. அப்படியானால் ஒருவருடைய கதவுகள் எப்படி இருக்கின்றன என்பதைப் பொறுத்து, அவர் விழுங்கும் மருந்து வேலை செய்யும் விதமும் மாறுமா? மாறும். அதைத் தெளிவாகக் காட்டுவது கல்லீரலில் இருக்கும் வேறொரு கதவு.

அந்தக் கதவின் பெயர் ஓஏடிபி1பி1. 691 மணிகள் கோத்த மாலை அது. இரத்தத்திலிருந்து பொருள்களைக் கல்லீரல் செல்லுக்குள் இழுப்பது அதன் வேலை. பழைய சிவப்பணுக்கள் சிதையும்போது உண்டாகும் பிலிருபின் என்ற மஞ்சள் பொருளைக் கல்லீரலுக்குள் சேர்ப்பதில் அதற்கும் பங்கு உண்டு. இந்தப் பொருள் இரத்தத்தில் மிகுந்தால்தான் கண்ணும் தோலும் மஞ்சளாகிக் காமாலை தெரிகிறது. மாத்திரைகள் நேற்று வந்தவை. இந்தக் கதவோ மிகப் பழையது. உடலின் சொந்த வேலைக்காக இருக்கும் வாசலில் மருந்துகளும் நுழைந்துகொள்கின்றன, அவ்வளவுதான்.

அப்படி நுழையும் மருந்துகளில் முக்கியமானவை ஸ்டாட்டின் மாத்திரைகள். உங்கள் வீட்டுத் தாத்தாவோ பாட்டியோ, கொலஸ்ட்ராலைக் குறைக்க இதைச் சாப்பிடக்கூடும். ஜப்பானிய அறிவியலாளர் அகிரா எண்டோ ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சோதித்து, 1973-இல் ஒரு நீலப்பச்சைப் பூஞ்சையிலிருந்து முதல் ஸ்டாட்டினைக் கண்டெடுத்தார். உடலின் கொலஸ்ட்ரால் பெருமளவு கல்லீரலில் உருவாவதால், ஸ்டாட்டினும் அங்கே போய்த்தான் வேலை செய்ய வேண்டும். கல்லீரல் கதவு மந்தமாக இருந்தால்? உள்ளே போக வேண்டிய மருந்து இரத்தத்திலேயே தேங்கும். அங்கிருந்து தசைகளுக்குப் போகும். தசை வலிக்கும், தளரும். அரிதாகத் தசையே சிதையவும் கூடும்.

பிரிட்டனில் நடந்த ஒரு பெரிய ஆய்வில், மாரடைப்பு வந்து தேறிய 12,000-க்கும் மேற்பட்டவர்கள் கலந்துகொண்டார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு சிம்வாஸ்டாட்டின் என்ற மருந்தை நாள்தோறும் 80 மில்லிகிராம் கொடுத்தார்கள். அது மிக அதிக அளவு. அவர்களில் தசை பாதிக்கப்பட்ட 85 பேரின் டி.என்.ஏ.வையும், பாதிக்கப்படாத 90 பேரின் டி.என்.ஏ.வையும் ஏறத்தாழ 3 லட்சம் இடங்களில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அத்தனை இடங்களில் ஒரே ஓர் இடம்தான் தனித்து நின்றது. அது இந்தக் கல்லீரல் கதவின் மரபணு! அதன் 521-ஆவது எழுத்து 'டி'யாக இருப்பதற்குப் பதிலாக 'சி'யாக இருந்தவர்களுக்கே தொல்லை அதிகம்.

2008-இல் வெளியான அந்த முடிவைப் பாருங்கள். இரண்டு பிரதிகளிலும் 'டி' உள்ளவர்களில் 1,000 பேருக்கு ஏறத்தாழ 6 பேர்தான் பாதிக்கப்பட வாய்ப்பு. ஒரு பிரதியில் 'சி' இருந்தால் 1,000-க்கு ஏறத்தாழ 30 பேர். இரண்டிலும் 'சி' இருந்தால் 1,000-க்கு ஏறத்தாழ 180 பேர்! மருந்து ஒன்று, அளவும் ஒன்று. மாறியது ஓர் எழுத்து மட்டுமே.

இது தெரிந்ததால் என்ன பயன்? 'சி' எழுத்து உள்ளவருக்கு மருத்துவர் அளவைக் குறைக்கலாம். அல்லது அந்தக் கதவை அவ்வளவாக நம்பியிராத வேறொரு ஸ்டாட்டினைத் தரலாம். இதயமும் காக்கப்படும், தசையும் தப்பும். 80 மில்லிகிராம் சிம்வாஸ்டாட்டினைப் புதிதாக யாருக்கும் தொடங்க வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2011-இல் அறிவித்தது. ஸ்டாட்டின் சாப்பிடும் பெரும்பாலோருக்கு இந்தத் தொல்லை வருவதே இல்லை என்பதையும் மறந்துவிடாதீர்கள். தாத்தாவிடம் போய், "மாத்திரையை நிறுத்துங்கள்" என்று சொல்லிவிடக் கூடாது!

உங்களால் செய்ய முடிந்த ஒரு நல்ல வேலை இருக்கிறது. ஒரு நோட்டை எடுங்கள். வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். யாருக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை, என்ன செய்தது, எப்போது என்று கேட்டு எழுதுங்கள். மருத்துவரிடம் போகும்போது அந்த நோட்டும் கூடவே போகட்டும். "எனக்கு இதில் சரியாயிற்று, நீயும் போட்டுக்கொள்" என்று யாராவது மாத்திரை நீட்டினால் வாங்காதீர்கள். அந்த மாத்திரை அவருடைய உடலைப் பார்த்து மருத்துவர் எழுதிக் கொடுத்தது. உங்கள் செல்லின் கதவுகள் வேறு.