இளநீர் ஐஸ்

மார்ச் மாதம் பிறந்தால் திருவனந்தபுரத்தில் வெயில் கொளுத்தும். சாலை பஜாருக்குப் போய் வந்தால் நாக்கு வறண்டுவிடும். அப்போது ஓர் இளநீர் குடித்தால் உயிர் வந்தது போல இருக்கும். இளநீர்க் காயை மலையாளத்தில் 'கரிக்கு' என்கிறார்கள்.

அந்த இளநீரை ஐஸாக்கித் தின்றால் எப்படி இருக்கும்?

கடலுக்கு அப்பால் பிலிப்பைன்ஸ் என்ற நாடு இருக்கிறது. அங்கும் தென்னை அதிகம். இளநீர்க் காயை அவர்கள் 'புக்கோ' என்கிறார்கள். இளநீரில் வழுக்கையைக் கீறிப் போட்டுக் குச்சி ஐஸ் செய்கிறார்கள். தேங்காய்ப் பாலில் ஐஸ்கிரீம் செய்து, தள்ளுவண்டியில் மணி அடித்து விற்கிறார்கள்.

நாமும் செய்யலாம். ஃபிரிட்ஜ் வேண்டாம்.

எப்படிச் செய்வது?

அரை மூடித் தேங்காயைத் துருவுங்கள். கொதித்து ஆறிய நீர் விட்டுப் பால் எடுங்கள். 4 ஸ்பூன் சர்க்கரை சேர்த்துச் சூடாக்கி ஆற வையுங்கள். 2 இளநீரின் நீரையும் வழுக்கையையும் அதில் சேருங்கள். இறுக மூடும் தூக்குப் பாத்திரத்தில் ஊற்றுங்கள்.

தூக்கைப் பெரிய வாளிக்குள் வையுங்கள். சுற்றிலும் 3 கிலோ உடைத்த ஐஸ், 1 கிலோ கல் உப்பு போடுங்கள். தூக்கைத் திருப்பிக்கொண்டே இருங்கள். அப்போதுதான் ஐஸ் கல்லாகாமல் மெதுவாக இருக்கும்.

உப்பு எதற்கு?

உப்புப் பட்டால் ஐஸ் வேகமாக உருகும். உருகுவதற்கு வெப்பம் வேண்டும். அதைத் தூக்கிலிருந்து இழுத்துக்கொள்ளும். அதனால் உள்ளே இருப்பது உறையும். உப்பு இல்லாவிட்டால் உறையாது.

கவனம்!

குளிரில் கிருமி செத்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. பல கிருமிகள் ஐஸுக்குள் சாகாமல் கிடக்கும். வயிற்றுக்குள் போனதும் வேலையைக் காட்டும். வயிற்றுப்போக்கு, டைபாய்டு, மஞ்சள் காமாலை வரலாம். பச்சைக் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு உயிருக்கே ஆபத்து.

ஆகவே, சேர்க்கும் தண்ணீரைக் கொதிக்க வையுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். காயை அப்போதே வெட்டுங்கள். வாளியில் போடும் ஐஸ் கடையில் வாங்கியது. அது எந்தத் தண்ணீரோ! ஒரு துளிகூடத் தூக்குக்குள் போகக் கூடாது. மூடியைத் திறக்கும் முன் நன்றாகத் துடையுங்கள்.

விற்கலாமா?

விற்கலாம். கேரளத்தில் 1998-இல் குடும்பஸ்ரீ தொடங்கியது. அதில் சேர்ந்த பெண்கள் பலர் உணவுப் பண்டம் செய்து வருமானம் தேடுகிறார்கள். விற்பதற்கு முன் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும்.

நம் பிள்ளைக்குக் கொடுக்கத் தகுந்த ஐஸா? அதையே ஊர்ப் பிள்ளைக்கும் விற்போம்.