பொன் தேடி வந்தவர்களும் தங்கிவிட்டவர்களும்

இலங்கையின் சல்லிக் கடற்கரையில், முத்துமாரி அம்மன் கோயில் மணியோசை கேட்டு வளர்ந்தவன் நான். பொன்னுக்காக வெள்ளைக்காரர் முண்டியடித்த மலையூர் ஒன்று நீலகிரியில் இருக்கிறதென்று அறிந்து பந்தலூருக்குப் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்தால், காதில் விழுந்தது எங்கள் நாட்டு மலையகப் பேச்சு.

முதலில் பொன்னின் கதை. 1869இல் இலங்கையில் தலைகாட்டிய கோப்பி இலைநோய் பந்தலூரும் சேர்ந்திருந்த வயநாட்டுத் தோட்டங்களையும் விடவில்லை. இலங்கைத் துரைமார் தேயிலைக்கு மாறினார்கள். இங்கிருந்தவர்களுக்கோ மண்ணுக்குள் பொன் தெரிந்தது. ஆற்று மணலை அரித்து இங்குள்ள பழங்குடியினர் காலங்காலமாகப் பொன் எடுத்து வந்தவர்கள்தான். ஆஸ்திரேலியாவிலிருந்து வரவழைக்கப்பட்ட பிரஃப் ஸ்மித் என்ற நிபுணர் 1880இல் நம்பிக்கையூட்டும் அறிக்கை கொடுத்ததும் லண்டனில் முப்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் முளைத்தன. நொடித்துக் கிடந்த கோப்பித் தோட்டங்கள் கொள்ளை விலைக்குக் கைமாறின. பந்தலூரில் தந்தி ஆபீஸ் வந்தது. வழிப்போக்கர் தங்க ஓட்டல் வந்தது. குதிரைப் பந்தயத் திடல்கூட வந்தது. பாறையை இடித்துப் பார்த்தபோது, அறிக்கை சொன்னதில் சிறு பங்கு பொன்தான் தேறியது. இரண்டு மூன்று வருடத்தில் பங்குகள் விழுந்தன, கம்பெனிகளும் கலைந்தன.

தேவாலாப் பக்கம் ஒரு பழைய சுரங்க வாயில்வரை நடந்தேன். ஈரமும் வௌவால் நாற்றமும் கலந்த குளிர்காற்று முகத்தில் அறைந்தது. காலடியில் கிடந்த வெண்கல்லில் மஞ்சள் பொட்டுகள் மினுங்கின. இன்றும் சில இளைஞர்கள் இந்த இருட்டுக்குள் இறங்கிக் கல்லுடைக்கிறார்கள். மூச்சுத்திணறி உள்ளேயே இறந்தவர்களும் உண்டு. வேலை இல்லாத வயிறுதான் அவர்களை இறக்குகிறது.

இனித் தேநீர்க் கடைப் பேச்சுக்கு வருகிறேன். 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் தோட்ட வேலைக்காக இந்தியாவிலிருந்து இலங்கைக்குப் போனவர்களின் வழிவந்தவர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்தது. அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கவென்றே 1968இல் நீலகிரியில் அரசு தேயிலைத் திட்டம் தொடங்கியது. 1976இல் அது டான்டீ என்ற கழகமானது. காட்டை வெட்டிக் கன்று நட்டு, அட்டைக்கடியிலும் அடைமழையிலும் இந்த மலையைப் பச்சையாக்கியவர்கள் இவர்கள்தாம்.

"அங்க கள்ளத்தோணின்னாங்க தம்பி, இங்க சிலோன்காரங்கன்றாங்க" என்றார் ஓய்வுபெற்ற அம்மா ஒருவர். கொழுந்து பறித்துப் பறித்து அவருடைய விரல் நுனிகள் கறுத்து வெடித்திருந்தன. வேலை முடிந்தால் தோட்டம் கொடுத்த லயத்து வீட்டையும் விட வேண்டுமே என்பதுதான் அவருக்குக் கவலை. நட்டம் என்று சொல்லி, டான்டீ நிலத்தில் 2,000 ஹெக்டேருக்கு மேல் வனத்துறையிடம் திருப்பிக் கொடுக்க 2022இல் அரசு முடிவெடுத்தபின் அந்தக் கவலை லயம் லயமாகப் பரவியிருக்கிறது. யானைக்கும் காடு வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் இரண்டு நாட்டுக்கும் உழைத்துக் கொடுத்தவர்களை மூன்றாம் முறையும் மூட்டை கட்டச் சொல்வது அநியாயம்.

பந்தலூருக்குப் போகிறவர்கள் சுரங்கத்தை மட்டும் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். லயத்துப் பக்கமும் ஒரு நடை போங்கள். எந்தத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள் என்று கேளுங்கள். சொல்வதற்கு அவர்களிடம் நிறைய இருக்கிறது.