கொல்லிமலை முதல் யாழ்ப்பாணம் வரை: அந்நியப் படை ஏன் தோற்கிறது?

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில், செம்மேட்டில், வல்வில் ஓரியின் சிலை நிற்கிறது. ஆண்டுதோறும் ஆடி மாதத்தில் அரசு அவனுக்கு விழா எடுக்கிறது. கடையெழு வள்ளல்களுள் ஒருவனான அம்மலைத் தலைவனை மலையமான் திருமுடிக்காரி கொன்று, கொல்லியைச் சேரனுக்கு அளித்தான் என்பது அகநானூற்றால் தெரியவரும் செய்தியாகும். ஓரியைக் கொன்றபின் அவனது பெருந்தெருவில் காரி புகுந்தபோது ஊரே ஆரவாரித்ததைக் கபிலர் நற்றிணையில் உவமையாக எடுத்தாள்கிறார். தலைவன் வீழ்ந்துவிட்டான், ஆனால் தெரு அடங்கவில்லை. களத்தை வெல்வது வேறு, ஊரால் ஏற்கப்படுவது வேறு. அயல்நாட்டுக் கிளர்ச்சிகளை அடக்கச் செல்லும் பெரும்படைகள் இறுதியில் வெறுங்கையோடு திரும்புவதன் காரணம் இவ்வேறுபாட்டில்தான் அடங்கியுள்ளது.

இதனைக் கோட்பாடாக வகுத்துத் தந்தவர் அறிஞர் இப்னு கல்தூன் (ஹிஜ்ரி 732 - 808). ஆட்சியின் உயிர்நாடி 'அஸபிய்யா' எனும் குழுப் பிணைப்புணர்வே என்பது அவருடைய 'முகத்திமா'வின் அடிப்படைக் கருத்து. பல குலங்களும் பல பிணைப்புகளும் நிறைந்த நாட்டில் ஓர் ஆட்சி எளிதில் வேரூன்றாது என்பதற்கு, மீண்டும் மீண்டும் கிளர்ந்தெழுந்த பெர்பர் குலங்களை அவர் சான்று காட்டுகிறார். ஒரு குலத்தை அடக்கினால் மற்றொன்று எழும். படைவலிமை குறைந்ததால் நேர்வதன்று இது. மண்ணின் பிணைப்பு வந்தவரிடம் இல்லாததால் நேர்வது.

நம் காலத்தில், நம் மொழி வழங்கும் மண்ணிலேயே இதற்கு ஒரு சான்று உண்டு. 1987 ஜூலை 29 அன்று ராஜீவ் காந்தியும் ஜே.ஆர். ஜெயவர்தனாவும் கொழும்பில் ஒப்பந்தம் செய்தனர். உடனே இந்திய அமைதி காக்கும் படை இலங்கையின் வடகிழக்கில் இறங்கியது. தமிழ் மக்கள் மாலையிட்டு வரவேற்றனர். ஆனால் செப்டம்பர் 26 அன்று உண்ணாநோன்பிருந்த திலீபன் உயிர்துறந்தார். அக்டோபர் 5 அன்று, பிடிபட்டிருந்த புலிகள் பன்னிருவர் பலாலியில் நஞ்சருந்தி மாண்டனர். அக்டோபர் 10 அன்று, காக்க வந்த படைக்கும் விடுதலைப் புலிகளுக்கும் போர் மூண்டது. ஏறத்தாழ 1,200 வீரர்களை இழந்த அப்படையின் இறுதிப் பிரிவு 1990 மார்ச் 24 அன்று திருகோணமலையை விட்டுக் கப்பலேறியது. யாழ் நகரம் அதன் கைக்கு வந்தது, அமைதி வரவில்லை.

இதன் காரணங்களை மூன்றாக வகுக்கலாம்.

முதலாவது, நடுவர் கட்சிக்காரராக மாறியமை. ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டவை இரு அரசுகளே. ஆயுதம் ஏந்தியவர் அதில் ஒப்பமிடவில்லை. அவர்களிடமிருந்து ஆயுதத்தைப் பறிக்கும் பொறுப்போ வந்தவர் தலையில் விழுந்தது. அதே புலிகளுக்கு முன்னர் இந்திய மண்ணில் பயிற்சி அளிக்கப்பட்டிருந்ததால், நேற்றைய ஆசானே இன்றைய பகைவன் ஆனான்.

இரண்டாவது, மொழியும் ஊரும் அறியாமை. படையினரில் பெரும்பாலோர் தமிழ் அறியாதவர். சாரம் உடுத்திய இளைஞரில் போராளி எவர், மீனவர் எவர் என்று அவர்களால் பிரித்தறிய இயலவில்லை. அக்டோபர் 21, 22 தேதிகளில் யாழ்ப்பாணப் பொது மருத்துவமனைக்குள் படையினர் புகுந்தபோது நோயாளிகளும் மருத்துவர்களும் தாதியரும் உயிரிழந்தனர். இத்தகைய ஒரு நாள், நூறு நாள் நற்பணியை அழித்துவிடும். கொல்லப்பட்டவரின் உறவினர் அனைவரும் கிளர்ச்சியாளரின் பக்கம் நகர்வர். 1988இல் மட்டக்களப்பில் அன்னை பூபதி எனும் முதிய தாய் இப்படைக்கு எதிராக உண்ணாநோன்பிருந்து மாண்டது, எதிர்ப்பு காட்டிலிருந்து இல்லங்களுக்குள் வந்துவிட்டதற்கு அடையாளமாகும்.

மூன்றாவது, காலம். வந்தவர் போவார், இருப்பவர் இருப்பார் என்பதை ஊரார் அனைவரும் அறிவர். 1989இல் அதிபர் பிரேமதாசா இந்தியப் படை வெளியேற வேண்டுமெனக் கோரினார். புலிகளுக்கு ஆயுதமும் அளித்தார். அழைத்தவரே போகச் சொன்னபின் எந்தப் படை நிற்க இயலும்?

ஆப்கானிஸ்தானில் 1979 முதல் 1989 வரை சோவியத் படையும், 2001 முதல் 2021 வரை அமெரிக்கப் படையும் கண்ட முடிவு இதுவே. அல்ஜீரியாவில் பிரெஞ்சுப் படை போர்க்களத்தில் மேலோங்கியிருந்தும் 1962இல் அந்நாட்டை விட்டகன்றது. விதிவிலக்காகக் காட்டப்படுவது மலாயா (1948 - 1960). அங்கும் கிளர்ச்சியாளர் பெரும்பாலும் சீனச் சமூகத்தாராக இருந்ததால் மலாய் மக்களின் ஆதரவு அவர்களுக்குக் கிட்டவில்லை. 1957இல் நாட்டுக்கு விடுதலையும் வழங்கப்பட்டது. ஆள வந்தவர் போவதாக உறுதி கூறியதே அவ்வெற்றியின் பெரும்பகுதி எனலாம்.

தோல்வியின் விலையைச் செலுத்துவோர் யார் என்பதே இனி எஞ்சும் கேள்வி. படை கப்பலேறிவிடும், அதன் நிழலில் ஒதுங்கியவரும், எப்பக்கமும் சேராதவரும் அங்கேயே நிற்பர். கிழக்கில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரான முஸ்லிம்கள் அந்த ஒப்பந்தத்தில் ஒரு தரப்பாகக் கருதப்படவில்லை. வடக்கையும் கிழக்கையும் இணைப்பது பற்றி அவர்களது ஒப்புதலும் கேட்கப்படவில்லை. படை வெளியேறிய சில மாதங்களில் போர் மீண்டது. 1990 ஆகஸ்ட் 3 அன்று காத்தான்குடிப் பள்ளிவாசல்கள் இரண்டில் இஷாத் தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்டோரைப் புலிகள் கொன்றனர். அக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் ஏறத்தாழ எழுபதாயிரம் பேர் அனைத்தையும் இழந்து விரட்டப்பட்டனர். இக்கொடுமைகளுக்கு இந்தியப் படையே பொறுப்பு என்பது நம் வாதமன்று, செய்தவரே பொறுப்பாளர். எனினும் நலிந்த ஒரு சமூகத்தைக் கணக்கில் கொள்ளாத அமைதி, அச்சமூகத்தைக் காக்காமலே கலைந்துபோகும் என்பதை வரலாறு காட்டிவிட்டது.

2009இல் புலிகளை ஒழித்தது அந்நியப் படையன்று, இலங்கை அரசே. ஆயிரக்கணக்கான பொதுமக்களின் உயிரை விலையாகக் கொடுத்துப் போர் முடிந்தது; அரசியல் தீர்வோ இன்னும் கிட்டவில்லை. ஆகவே சொந்தப் படைக்கும் இவ்விதி பொருந்தும்.

போரிடும் இரு குழுவினரிடையே இணக்கம் செய்யப் பணிக்கும் ஸூரத்துல் ஹுஜுராத்தின் ஒன்பதாம் வசனம், வரம்பு மீறியவர் திரும்பியபின் செய்யும் சமாதானத்துக்கு நீதியை நிபந்தனையாக்குகிறது. படையால் ஒரு வரம்பு மீறலைத் தடுத்து நிறுத்த முடியும்; நீதியை அதனால் உண்டாக்க முடியாது. மேசையில் இடம் பெறாத சிறுபான்மைக்கும் அதில் பங்கு தரும்போதே சமாதானம் அப்பெயருக்குத் தகுதி பெறும்.