கடன் வாங்கிய அறிவு எப்போது பலன் தரும்?

ஆராய்ச்சிக்குச் செலவழிக்கும் நாட்டில் புதுமைகள் பிறக்கும், அதனால் ஆலைகளின் உற்பத்தித்திறன் கூடும் என்பது பொதுவான நம்பிக்கை. ஆனால் பெரும்பாலான நாடுகளின் ஆலைகளில் ஓடும் தொழில்நுட்பம் வெளியிலிருந்து வந்ததுதான். டேவிட் கோ, எல்ஹானன் ஹெல்ப்மன் என்ற பொருளியலாளர்கள் 22 நாடுகளின் 1971 முதல் 1990 வரையான புள்ளிவிவரங்களை ஆராய்ந்து 1995இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வணிகக் கூட்டாளி நாடுகள் செய்த ஆராய்ச்சியும் ஒரு நாட்டின் உற்பத்தித்திறனை உயர்த்துகிறது என்றது அது. அப்படியானால், பிறர் செலவில் விளைந்ததை விலைக்கு வாங்கிக்கொண்டால் போதாதா?

போதாது என்பதற்குத் தென்கொரியாவே சான்று. 1983இல் சாம்சங் தயாரித்த 64கே மெமரி சிப்பின் வடிவமைப்பு அமெரிக்காவின் மைக்ரான் நிறுவனத்திடம் உரிமம் பெற்றது. அதைப் பிரித்தறிந்து அடுத்த படிக்குப் போகும் பொறியாளர்கள் உள்ளூரில் இருந்தார்கள். 1986இலிருந்து அரசு ஆய்வகமும் போட்டி நிறுவனங்களும் கூட்டாக 4 மெகாபிட் சிப்பில் இறங்கின. 1992இல் 64 மெகாபிட் சிப்பை உலகில் முதலில் உருவாக்கியது சாம்சங். ஆக, ஆராய்ச்சிச் செலவுக்கு இரண்டு வேலைகள்: புதியது காண்பது ஒன்று, பிறர் கண்டதைப் புரிந்து தன்வயமாக்குவது மற்றொன்று. பின்தங்கிய நாட்டுக்கு இரண்டாவதே பெரிய ஆதாயம்.

பணக்கார நாடு என்பதால்தான் செலவழிக்க முடிகிறது, செலவழித்ததால் பணக்கார நாடாகவில்லை என்று சிலர் மறுப்பார்கள். இதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் கொரியா தன் முதல் பெரிய தொழில் ஆய்வு நிறுவனத்தை 1966இல், ஏழை நாடாக இருந்தபோதே தொடங்கியது. அன்று தேசிய வருமானத்தில் அரை விழுக்காட்டையும் எட்டாத செலவு இன்று ஏறத்தாழ ஐந்து விழுக்காடு. சோவியத் ஒன்றியத்தைக் காட்டுவது இதைவிட வலுவான மறுப்பு. ஆராய்ச்சிக்குத் தாராளமாகச் செலவழித்தும் 1970களிலிருந்து அதன் உற்பத்தித்திறன் வளர்ச்சி தளர்ந்தது. அங்கே பணத்தின் பெரும்பங்கு ராணுவத்துக்குப் போனது. ஆய்வகம் ஓரிடம், ஆலை வேறிடம். புதிய இயந்திரத்துக்காக உற்பத்தியை நிறுத்தினால் மேலாளருக்கு மாத இலக்கு தவறும். யாருக்கும் மாற்றம் தேவைப்படவில்லை.

கொரியாவிலோ ஆராய்ச்சிச் செலவில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் தொழில் நிறுவனங்களுடையது. விற்பனைச் சந்தையின் நெருக்கடி ஆய்வு மேசைவரை எட்டுகிறது. இந்தியா 2020-21இல் ஆராய்ச்சிக்குச் செலவழித்தது தேசிய வருமானத்தில் 0.64 விழுக்காடு, அதில் தனியார் நிறுவனங்களின் பங்கு ஏறத்தாழ மூன்றில் ஒன்று. அரசு ஒதுக்கீட்டை மட்டும் உயர்த்தினால் ஆய்வகங்கள் பெருகும். உற்பத்தித்திறன் பெருக, ஆலை நடத்துபவர்களே ஆராய்ச்சியில் பணம் போட வேண்டும்.