பெரியப்பாவுக்கு மறதியா, காது மந்தமா?

பூச்சோங் பதினாலாங் கட்டையில் இன்று எங்கு திரும்பினாலும் கடைகளும் அடுக்குமாடிகளும்தாம். ஒரு காலத்தில் இந்த வட்டாரம் ஈயக் குட்டைகளும் பால்மரக் காடுகளுமாகக் கிடந்தது. கின்ராரா, காசல்பீல்ட் என்ற தோட்டப் பெயர்கள் இப்போது தமிழ்ப்பள்ளிகளின் பெயர்ப் பலகைகளில் தங்கியிருக்கின்றன. அந்தக் காலத்துத் தோட்டங்களில் உழைத்துத் தேய்ந்த கிழவர்கள் சிலர் இதே பூச்சோங்கில் முதியோர் பராமரிப்பு இல்லங்களில் இருக்கிறார்கள்.

அப்படி ஓர் இல்லத்தில் என் தகப்பனாரின் நண்பர் ஒருவரைப் பார்க்கப் போயிருந்தேன். நான் அவரைப் பெரியப்பா என்றே அழைத்துப் பழகியவன். பால்மரம் சீவியவர், பிறகு இருபது ஆண்டுகள் செம்பனை ஆலையில் வேலை பார்த்தவர். "அவருக்கு நல்ல மறதிங்க, வாத்தியார். கேட்கிறது ஒன்று, சொல்கிறது ஒன்று" என்றார் அங்கே வேலை செய்யும் அம்மாள். அதை என் கண் முன்னாலேயே காட்டவும் செய்தார். "தாத்தா, சட்டை மாத்தணுமா?" என்று உரக்கக் கேட்டார். பெரியப்பா சிரித்துக்கொண்டே, "பதினாலாங் கட்டைதான்" என்றார்.

அந்த அம்மாள் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். நானோ வேறு விதமாக நினைத்தேன். சட்டை, கட்டை. கிழவர் தம் காதில் விழுந்ததற்குச் சரியாகவே பதில் சொல்லியிருக்கிறார்!

முதுமையில் காது மங்கும்போது முதலில் போவது கீச்சென்ற மெல்லிய ஓசைகள். ச, த, ப, க போன்ற மெய்யோசைகளின் வேறுபாடு அவற்றில்தான் இருக்கிறது. ஆலை இரைச்சல் கெடுப்பதும் முதலில் அதே ஓசைகளைத்தான். நாம் கத்தினால் ஆ, ஐ என்ற உயிரோசைதான் பெருக்கும். சட்டையா கட்டையா என்பது தெளியாது. எதிரே உட்கார்ந்து, முகம் தெரியும்படி, நிதானமாகப் பேச வேண்டும். இன்று ஆலைகளில் நாளொன்றுக்கு 85 டெசிபல் வரம்பு என்று 2019ஆம் ஆண்டு விதி சொல்கிறது. அதற்கு முன் 1989ஆம் ஆண்டு விதியில் அது 90. பெரியப்பா வேலைக்குச் சேர்ந்த காலத்தில் காதில் வைக்க ஒரு பஞ்சுகூடக் கொடுத்ததில்லையாம்.

அவருடைய மேசை இழுப்பறையைத் திறந்தேன். மகன் வாங்கிக் கொடுத்த காதுக்கருவி கைக்குட்டையில் சுற்றிக் கிடந்தது. பேட்டரி செத்து எத்தனை நாளோ! அச்சில் காதுக் குரும்பி அடைத்திருந்தது. இத்தனைக்கும் அந்த இல்லத்துக்குப் பேச்சுப் பயிற்சியாளர் ஒருவர் வந்து போகிறார். காதுக்கருவியை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று காகிதத்தில் எழுதியும் கொடுத்திருக்கிறார். அந்தக் காகிதம் அலுவலகக் கோப்பில் பத்திரமாக இருந்தது!

இங்கேதான் விஷயம் இருக்கிறது. வாரத்துக்கு 168 மணி நேரம். பயிற்சியாளர் ஒரு மணி நேரம் வந்து போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் 167 மணி நேரத்துக்கு யார் பொறுப்பு? ஊட்டிவிடுகிறவர், குளிப்பாட்டுகிறவர், இரவில் விழித்திருக்கிறவர். அவர்கள் செய்கிறார்களா என்று பார்க்க ஒருவர் வேண்டும். அந்த மேற்பார்வை இல்லாவிட்டால் நிபுணர் சொன்னதெல்லாம் காகிதத்தோடு சரி.

நம் நாட்டில் இந்தத் துறைக்கு வயது அதிகமில்லை. மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம் 1995ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் செவித்திறன், பேச்சு ஆகியவற்றுக்கான பட்டப்படிப்பைத் தொடங்கியது. 2016ஆம் ஆண்டின் துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டத்தில் இவ்விரு தொழில்களும் இடம்பெற்றுள்ளன. பராமரிப்பு இல்லங்களுக்கோ 1993ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. சமூக நல இலாகாவில் பதிவு செய்தாக வேண்டும். ஆனால் எந்தச் சட்டமும் தினமும் காலையில் ஒரு கிழவரின் காதுக்குள் எட்டிப் பார்க்காது.

பேச்சுப் பயிற்சியாளர் என்றால் பேச வைக்கிறவர் மட்டும்தான் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். விழுங்குவதைப் பார்ப்பதும் அவர் வேலைதான். வாதம் வந்தவர்கள் தண்ணீர் குடிக்கும்போது இருமினால், அது மூச்சுக்குழாய்க்குள் போகிறது என்று பொருளாகலாம். நுரையீரலில் சளிக்காய்ச்சல் கண்டு உயிருக்கே ஆபத்தாகும். ஆகவே சிலருக்குத் தண்ணீரைக் கெட்டியாக்கிக் கொடுக்கச் சொல்வார். நிமிர்த்தி உட்கார வைத்து ஊட்டவும், உண்டபின் அரை மணி நேரம் படுக்கவிடாமல் இருக்கவும் சொல்வார். புதிதாக வேலைக்கு வந்தவர் இது தெரியாமல் ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டிவிட்டால்? அன்றைய பொறுப்பாளர் சாப்பாட்டு நேரத்தில் அலுவலகத்தில் கணக்கெழுதிக்கொண்டு இருக்கக் கூடாது. சாப்பாட்டு மேசைப் பக்கம் நிற்க வேண்டும்.

வாதத்தால் பேச்சிழந்தவர்கள் கதை இன்னும் பரிதாபம். மூளையின் இடப்பக்கம் அடிபட்டால் பலருக்குச் சொல் வராது. ஆனால் நாம் பேசுவதைப் புரிந்துகொள்வோர் அவர்களில் நிறையப் பேர். 'தண்ணீர்' என்று கேட்க முடியாதவர் சிறுவயதில் பாடிய தேவாரத்தைப் பாடிவிடுவதும் உண்டு. இதைப் பார்த்து, "பாடத் தெரிகிறது, கேட்கத் தெரியாதா? எல்லாம் பாசாங்கு" என்று ஏசுவோரும் இருக்கிறார்கள். அதோடு மொழிச் சிக்கல் வேறு. ஊழியர்களில் பலர் வெளிநாட்டவர், மலாயே கொஞ்சம்தான். தமிழ் மட்டுமே அறிந்த பாட்டி என்ன செய்வார்? தண்ணீர், வலி, கழிவறை, குளிர் என்று படம் வரைந்து தமிழிலும் மலாயிலும் எழுதிய அட்டை ஒன்று கட்டிலருகே தொங்கினால் போதும். விரலால் தொட்டுக் காட்டுவார். நான்கூட எங்கள் பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டு இப்படி ஆறு அட்டைகள் செய்வித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். படம் கொஞ்சம் கோணல்தான். பரவாயில்லை.

வீட்டுப் பெரியவரை இல்லத்தில் சேர்க்கப் போகிறவர்கள், கட்டில் எப்படி, கட்டணம் எத்தனை வெள்ளி என்று கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள். காதுக்கருவியைக் காலையில் மாட்டுவது யார், இரவில் கழற்றி வைப்பது யார் என்று கேளுங்கள். பேட்டரி எப்போது மாற்றப்பட்டது என்று எழுதும் புத்தகத்தைக் காட்டச் சொல்லுங்கள். அந்தக் குட்டிப் பேட்டரியின் முதுகில் ஒட்டுத்தாள் ஒன்று இருக்கும். அதை உரித்தவுடன் காற்றுப் பட்டுப் பேட்டரி வேலை செய்யத் தொடங்கிவிடும்; திரும்ப ஒட்டினாலும் தேய்வது நிற்காது. சில நாளிலிருந்து இரண்டு வாரம் வரைதான் உழைக்கும். இருப்பு வாங்கிக் கொடுப்பது குடும்பத்தின் கடமை.

அன்று புதுப் பேட்டரி போட்டு, அச்சைத் துடைத்து மாட்டிவிட்டேன். பெரியப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு மேலே பார்த்து, "இந்தக் காத்தாடி இவ்வளவு சத்தம் போடுதா?" என்றார். சட்டை விஷயத்தைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். அந்த அம்மாளும் சிரித்தார், கண் கலங்க.

மேற்பார்வையாளர் நல்ல பெண்மணி. அன்றே ஒரு புத்தகம் திறந்து, நாள் வாரியாகக் கட்டம் போட்டார். அடுத்த மாதம் போனபோது புரட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு வியாழக்கிழமையும் கட்டம் காலியாக இருந்தது.

"வியாழன் எனக்கு விடுமுறை, வாத்தியார்" என்றார்.

பேனாவை அவரிடம் நீட்டினேன். வியாழக்கிழமைக்கு எதிரே அந்த அம்மாளின் பெயரை எழுதினார்.