சாக்குப் பையில் கட்டிய பாவம்

எங்கள் ஊர் அபிராமம். இராமநாதபுரம் மாவட்டம் கமுதி வட்டத்தில், வானத்தை நம்பி வாழும் ஊர். மிளகாயும் பருத்தியும் விளையும் மண். மழை பொய்த்துவிட்டால் சீமைக் கருவேல மரத்தைத் தவிர வேறெதுவும் பசுமை காட்டாத மண். நெல்லும் வற்றலும் மூட்டை மூட்டையாகக் கிடக்கும் வீடுகளில் எலிகளுக்கும் குறைவிராது. ஆகவே எங்கள் வீடுகளில் பூனை இல்லாத வீடு அரிது. அது வளர்ப்புப் பிராணியுமன்று, காட்டு விலங்குமன்று. சொல்லாமலே வந்து, கேட்காமலே தங்கி, கூலியில்லாமல் காவல் காக்கும் ஒரு வேலைக்காரன்!

ஆனால் அந்த வேலைக்காரனின் குடும்பம் பெருகும்போதுதான் சங்கடம் தொடங்குகிறது. எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். எங்கள் வீட்டுப் பூனை பரணில் நான்கு குட்டிகள் ஈன்றிருந்தது. பாட்டியார் அவற்றை ஒரு சாக்கில் இட்டு வாயைக் கட்டி என் கையில் கொடுத்தார்கள். “வழி பார்த்துத் திரும்பி வந்துவிடும், பையை அவிழ்க்காமல் கண்மாய்க்கு அப்பால் கொண்டுபோய் விட்டுவா” என்றார்கள். நானும் அவ்வாறே செய்தேன். சாக்கின் வாயை அவிழ்த்துவிட்டு, திரும்பிப் பாராமல் ஓடிவந்தேன். மூன்று நாள்கள் தாய்ப்பூனை வீடெங்கும் அலைந்து கத்தியது. நான்காம் நாள் அதன் குரல் அடங்கிவிட்டது. என் காதில் மட்டும் அடங்கவில்லை.

பாட்டியார் இரக்கமற்றவர் அல்லர். பசித்து வந்த எவரையும் வெறுங்கையோடு அனுப்பாதவர். “பூனையைக் கொன்றால் பெரும் பாவம்” என்று அஞ்சியவர். ஆனால் கொல்வதற்கு அஞ்சிய அதே மனம், கொண்டுபோய் விடுவதற்கு அஞ்சவில்லை. கண் திறந்து சில நாள்களே ஆன குட்டி, பாலின்றி, வெயிலில், நாயும் பருந்தும் திரியும் இடத்தில் எத்தனை நேரம் உயிரோடிருக்கும்? அதை நாம் காண்பதில்லை. காணாததால் பாவமில்லை என்று எண்ணிக்கொள்கிறோம். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா என்று பழமொழி பேசுகிறோமே, இங்கே கண்ணை மூடிக்கொள்வது பூனையா, நாமா?

மகளோடு ஒரு ஞாயிறு

இவை யாவும் நான் மறந்திருந்தவை. நினைவூட்டியவள் என் மகள். அவள் சென்னையில் பணியாற்றுகிறாள். ஞாயிறு காலைத் திருப்பலி முடிந்ததும் நேரே ஒரு விலங்குக் காப்பகத்துக்குச் சென்று, கைவிடப்பட்ட பூனைகளுக்கு ஊதியமின்றிப் பணி செய்கிறாள் என்று அறிந்தபோது எனக்குச் சினமே வந்தது. “ஏன் தாயி, உலகத்தில் அனாதைக் குழந்தைகள் இல்லையா? முதியோர் இல்லங்கள் இல்லையா? படித்த பெண் பூனைக்குப் பணிவிடை செய்வதா?” என்று கேட்டேன். அவள் மறுத்துப் பேசவில்லை. “ஒரு நாள் வந்து பாருங்கள் அப்பா. பிறகு சொல்லுங்கள்” என்றாள். சென்றேன்.

நான் எதிர்பார்த்தது செல்லப் பிராணிகளைக் கொஞ்சும் இடம். கண்டதோ ஒரு மருத்துவமனையின் ஒழுங்கு. உள்ளே நுழையுமுன் கைகால் கழுவவேண்டும். புதிதாய் வந்த பூனைகள் தனியறையில் இருக்கின்றன. ஏறத்தாழ இரண்டு வாரம் அவற்றை மற்றப் பூனைகளோடு சேர்ப்பதில்லை. காரணம், பூனைகளைத் தாக்கும் கொடிய குடற்காய்ச்சல் ஒன்று உண்டு. அதன் கிருமி தரையிலும் தட்டிலும் துணியிலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். ஒரு குட்டியிலிருந்து ஒரு கூடமே மடிந்துபோகும். சாதாரணச் சோப்புக்கு அது மடங்காது. சலவைத் தூள் கரைத்த நீரே அதற்கு மருந்து. ஆகவே அங்கே தொண்டரின் முதல் வேலை பூனையை மடியில் வைத்துக்கொள்வதன்று. மணல் தட்டுகளைக் கழுவுவதும் தரையைத் தேய்ப்பதும்தான். என் மகள் முழந்தாளிட்டுத் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்ததைக் கண்டபோது, வீட்டில் ஒரு தட்டைக் கழுவ மூன்று முறை சொல்லவேண்டியிருந்த பெண்ணா இவள் என்று வியந்தேன்.

ஓர் அட்டைப்பெட்டியில் மூன்று குட்டிகள். முதல்நாள் இரவு யாரோ வாயிலில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். பிறந்து பத்து நாள் இருக்கலாம் என்றார் அங்கிருந்த அனுபவமிக்க அம்மையார். நான் உடனே, “கொஞ்சம் பசும்பால் கொடுக்கலாமே” என்றேன். அவர் புன்னகைத்து, “அதுதான் ஐயா பலரும் செய்யும் பிழை” என்றார்.

பசும்பால் பூனைக்குட்டிக்குச் செரிக்காது. வயிற்றுப்போக்கு ஏற்பட்டு, உடலின் நீர் வற்றி இறந்துவிடும். அதற்கென்றே தயாரித்த பால்மாவு உண்டு. அது கிடைக்காவிடில் கால்நடை மருத்துவரைக் கேட்டே எதையும் கொடுக்கவேண்டும். உடல் குளிர்ந்திருக்கும் குட்டிக்கு முதலில் வேண்டியது உணவன்று, வெப்பம். வெந்நீர்ப் புட்டியைத் துணியில் சுற்றி அருகில் வைத்து, உடல் சூடேறிய பிறகே பாலூட்டவேண்டும். மனிதக் குழந்தையைப்போல் மல்லாத்தி ஊட்டினால் பால் நுரையீரலுக்குள் சென்றுவிடும். தாயின் வயிற்றடியில் கிடப்பதுபோல் குப்புறக் கிடத்தியே ஊட்டவேண்டும். இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை, நள்ளிரவிலும்! இன்னொன்றும் உண்டு. மூன்று வாரம் ஆகும்வரை குட்டிக்குத் தானாகச் சிறுநீர் கழிக்கத் தெரியாது. தாய் நாவால் நக்கித் தூண்டுகிறது. தாயில்லாவிடில் வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் மனிதர் அதைச் செய்யவேண்டும்.

அம்மையார் ஒரு குட்டியை என் உள்ளங்கையில் வைத்தார். ஒரு பிடி பருத்தியின் கனம்கூட இல்லை. அதன் இதயம் துடிப்பது என் விரலில் தெரிந்தது. ஐம்பதாண்டுகளுக்கு முன் சாக்கினுள் அசைந்த அதே துடிப்பு. என் கண்கள் நனைந்ததை மகள் பார்த்தும் பாராதவள்போல் இருந்துகொண்டாள்.

மாலைக்குள் அந்த மூன்றில் ஒன்று இறந்துவிட்டது. யாரும் அலறவில்லை. அம்மையார் அதை ஒரு துணியில் சுற்றி வைத்தார், கைகளைக் கழுவினார், அடுத்த குட்டிக்குப் பாலூட்ட அமர்ந்தார். “எல்லாவற்றையும் காப்பாற்ற முடியாது ஐயா. ஆனால் எதுவும் தனியாகச் சாகக் கூடாது” என்றார். தொண்டு என்பது வெற்றியைக் கணக்கிடுவதன்று என்பதை அன்று கற்றேன்.

தமிழகத்தில் ஒரு மரபு

இப்பணி மேனாட்டு நாகரிகம் என்று எண்ணவேண்டாம். நம் நாட்டிலேயே இதற்கு நல்ல மரபு உண்டு. விமானியான கேப்டன் சுந்தரம் என்பார் தம் துணைவியார் உஷா சுந்தரத்தோடு 1959-ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கிய பணியே ‘புளூ கிராஸ்’ அமைப்பாயிற்று. மழை வெள்ளத்தில் தத்தளித்த நாய்க்குட்டிகளை அவர் வீட்டுக்கு எடுத்துச் சென்றதே அதன் தொடக்கம் என்பர். 1964-இல் அது முறையாகப் பதிவாயிற்று. தெருநாய்களைக் கொல்வதற்குப் பதில் கருத்தடை செய்து விட்டுவிடலாம் என்னும் வழியை இந்நாட்டில் வற்புறுத்தியோருள் அவ்வமைப்பு முன்னோடி.

1952-இல் மாநிலங்களவைக்கு நியமனம் பெற்ற நாட்டியக் கலைஞர் ருக்மணி தேவி அருண்டேல், வாயில்லா உயிர்களுக்காக அம்மன்றத்தில் குரல் கொடுத்தார். அதன் பயனாக 1960-இல் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. 1962-இல் அமைந்த விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. பசியாலோ தாகத்தாலோ துன்புறும் நிலையில் ஒரு விலங்கைத் தக்க காரணமின்றிக் கைவிடுவது அச்சட்டப்படி குற்றம். என் பாட்டியார் காலத்திலேயே அச்சட்டம் இருந்தது. நாங்கள்தாம் அறியவில்லை.

உரோமை நகருக்குச் சென்றவர்கள் ‘லார்கோ அர்ஜென்தினா’ என்னும் பழைய கோவில் இடிபாடுகளிடையே பூனைகள் படுத்திருப்பதைக் கண்டிருப்பார்கள். தொண்டர்கள் சிலர் 1990-களில் இருந்து அவற்றுக்கு உணவளித்து, கருத்தடை செய்து காத்துவருகிறார்கள். உரிமையாளரின்றித் திரியும் பூனைகள் தம் இடத்திலேயே வாழலாம் என்று இத்தாலி நாடு 1991-இல் சட்டமே இயற்றியுள்ளது.

ஏழைக்கா, பூனைக்கா?

என் முதற்கேள்விக்கு வருகிறேன். மனிதர் பசித்திருக்கையில் பூனைக்குப் பால் ஊட்டுவது முறையா? இது அற்பக் கேள்வியன்று. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் இதை நேராகவே பேசுகிறது. விலங்குகள் இறைவனின் படைப்புகள், அவற்றுக்கு மனிதர் பரிவு காட்டக் கடமைப்பட்டவர்கள், வீணாக அவற்றைத் துன்புறுத்துவது மனித மாண்புக்கே முரண் என்கிறது. அதே மூச்சில், மனிதத் துயர் தீர்க்கச் செல்லவேண்டிய பணத்தை விலங்குகளுக்குச் செலவிடுவதும் தகாது என எச்சரிக்கிறது. இரண்டையும் சேர்த்தே படிக்கவேண்டும்.

அப்படியாயின் என் மகள் செய்வது என்ன? பட்டுமெத்தையும் வெளிநாட்டுத் தீனியும் வாங்கி ஒரு பூனையைச் சீராட்டுகிறாளா? இல்லை. வாரத்தில் அரை நாளையும் தன் முழங்கால் வலியையும் கொடுக்கிறாள். அந்த நேரம் முன்பு திரைப்படத்துக்கும் கடைவீதிக்கும் போய்க்கொண்டிருந்தது. ஏழையின் பங்கிலிருந்து அவள் ஒன்றும் எடுக்கவில்லை. “அங்கே கற்ற பொறுமைதான் அப்பா, பக்கத்து வீட்டுப் பாட்டி படுக்கையில் விழுந்தபோது துணி மாற்றிவிட எனக்குத் துணிவு கொடுத்தது” என்றாள். அதற்கு மேல் நான் என்ன கேட்பேன்?

தூய பிலிப்பு நேரியாரைப் பற்றி ஒரு செய்தி உண்டு. அவர் உரோமையில் நெடுநாள் வாழ்ந்த இல்லத்தை விட்டு 1583-இல் வேறு இல்லத்துக்குச் சென்றபோது, தம் பூனையைப் பழைய அறையிலேயே விட்டுச் சென்றார். ஆயினும் சீடர்கள் நாள்தோறும் சென்று அதற்கு உணவளித்து வரவேண்டும் என்று பணித்தாராம். நோயாளிகளுக்கும் ஏழைகளுக்கும் உழைத்த அப்புனிதருக்குப் பூனையை நினைக்கவும் நேரமிருந்தது. அன்பு, பங்கிட்டால் குறையும் சொத்தன்று.

நம் இல்லங்களில் என்ன செய்யலாம்?

அபிராமத்தில் காப்பகமில்லை. இருக்கவேண்டும் என்பதுமில்லை. நம் வீடே போதும்.

முதலாவது, குட்டிகள் பிறந்தபின் திகைப்பதைவிடப் பிறவாமல் தடுப்பது நன்று. பெண்பூனை ஐந்து மாதத்திலேயே சினையாகக்கூடும். ஏறத்தாழ ஒன்பது வாரத்தில் ஈனும். ஆண்டில் இரண்டு மூன்று ஈற்றுகூட உண்டு. நான்கு ஐந்து மாதமானதும் கால்நடை மருத்துவரிடம் காட்டிக் கருத்தடை செய்துவிடலாம். கருத்தடை செய்த பூனை எலி பிடிக்காது என்பது வீண் பேச்சு.

இரண்டாவது, வழியில் குட்டிகளைக் கண்டால் உடனே அள்ளிக்கொண்டு வந்துவிடாதீர்கள். தாய் இரைதேடிச் சென்றிருக்கலாம். ஆபத்தில்லாத இடமாயின் தொலைவில் நின்று சில மணிநேரம் பாருங்கள்.

மூன்றாவது, தயிர்ச்சோறு மட்டும் போட்டுப் பூனையை வளர்க்க முடியாது. மீனிலும் இறைச்சியிலும் உள்ள ஒருவகைச் சத்து இல்லாவிடில் அதன் பார்வையும் இதயமும் கெடும். மீன் கழுவும்போது கழிக்கும் சதைப்பகுதியை வேகவைத்து, முள் நீக்கிக் கொடுங்கள். நாம் காய்ச்சலுக்கு விழுங்கும் பாராசிட்டமால் மாத்திரையைப் பூனைக்குத் தரவே கூடாது. அது அதற்கு நஞ்சு.

நான்காவது, எச்சரிக்கை. பூனை கடித்தாலும் பிறாண்டினாலும் ஓடும் நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, தாமதமின்றி மருத்துவமனை சென்று வெறிநோய்த் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். கருவுற்ற பெண்கள் பூனையின் கழிவைக் கையாளவேண்டாம்.

ஐந்தாவது, பிள்ளைகளின் கையில் சாக்கைக் கொடுக்காதீர்கள். அவர்கள் அதை இறக்கிவைக்க ஐம்பதாண்டு ஆகும்.

ஊர் திரும்பிய பின், எங்கள் வீட்டுப் பின்கட்டில் திரிந்த சாம்பல்நிறப் பூனையை ஒரு கூடையில் வைத்து, துணியால் மூடி, பேருந்தில் கொண்டுபோய்க் கருத்தடை செய்வித்தேன். உடன் பயணம் செய்தவர்கள் கூடையினுள் கேட்ட குரலைக் கேட்டுச் சிரித்தார்கள். “எங்கே ஐயா கொண்டுபோய் விடப்போகிறீர்கள்?” என்று ஒருவர் கேட்டார்.

“விடப்போவதில்லை. திரும்ப வீட்டுக்குத்தான் கொண்டுவரப் போகிறேன்” என்றேன்.