செம்பனைத் தோட்டத்துக் குளவிகள்

மலேசியத் தமிழர்கள் செம்பனை என்று சொல்லும் எண்ணெய்ப் பனையின் ஓலையைத் திருப்பிப் பார்த்தால், அடிப்பக்கத்தில் சருகுத் துணுக்குகள்போல் சிறு பைகள் தொங்குவதுண்டு. ஒவ்வொரு பைக்குள்ளும் ஒரு புழு. இலையைச் சுரண்டித் தின்னும். துணுக்குகளைத் தன் பட்டு நூலால் கோத்துப் பையைப் பெரிதாக்கிக்கொண்டே போகும். இந்தப் பைப்புழுக்களில் மெட்டிசா ப்ளானா என்ற இனம் அங்கே பெருந்தொல்லை. ஆணுக்கு மட்டுமே சிறகு முளைக்கும். பெண், பையை விட்டு வெளியே வராமலே நூற்றுக்கு மேல் முட்டையிட்டுச் செத்துவிடும். பொரிந்த குஞ்சுகள் நூலில் தொங்கிக் காற்றோடு அடுத்த மரத்துக்குப் போகும். மரத்தின் ஓலையில் பாதி போய்விட்டால், அடுத்த 2 ஆண்டுகளில் விளைச்சல் 40 விழுக்காடு வரை குறையக்கூடும்.

சிலாங்கூரின் தென்னமாரம் தோட்டத்தில் 1917இல் செம்பனை வணிகப் பயிரானது. அதன்பின் பல பத்தாண்டுகள் பைப்புழு இருந்தது, ஆனால் பெருகவில்லை. 1950களின் பிற்பகுதியில்தான் தோட்டம் தோட்டமாக ஓலை கருகத் தொடங்கியது. டிடிடி, டீல்ட்ரின், எண்ட்ரின் போன்ற மருந்துகள் தாராளமாகத் தெளிக்கப்பட்ட காலம் அது. தெளிக்கத் தெளிக்கப் புழு கூடியது. பிரையன் வுட் என்ற பூச்சியியலாளர் 1960களில் இதை ஆராய்ந்து, அந்த மருந்துகளே காரணம் என்று காட்டினார்.

நடந்தது இதுதான். பைப்புழுவின் உடலில் முட்டையிட்டு அதை அழிக்கும் ஒட்டுண்ணிக் குளவிகள் தோட்டத்தில் எப்போதும் உண்டு. சிலவற்றின் நீளம் சில மில்லிமீட்டர்தான். அவை ஓலைமேல் நடந்து திரிந்து புழுவைத் தேடுகிறவை. இலைமேல் தங்கும் நஞ்சு அவற்றின் காலிலும் உடலிலும் ஒட்டிக் கொல்லும். புழுவோ பைக்குள் இருக்கிறது. அதில் ஒரு பகுதி தப்பிவிடும். எதிரி இல்லாத தோட்டத்தில் அதன் அடுத்த தலைமுறை தடையின்றிப் பெருகும். அப்படி மருந்தடிப்பதை நிறுத்திய இடங்களில் குளவிகள் திரும்பின, புழுவும் அடங்கியது.

காக்க வேண்டிய இன்னொரு பூச்சியும் உண்டு. செம்பனையில் ஆண் பாளையும் பெண் பாளையும் ஒரே மரத்தில் வெவ்வேறு காலத்தில் வருவதால் மகரந்தம் இன்னொரு மரத்திலிருந்து வர வேண்டும். முன்பெல்லாம் தொழிலாளர்கள் பாளை பாளையாகப் போய் மகரந்தப் பொடியைத் தூவினார்கள். 1981இல் ரஹ்மான் சையத் என்ற பூச்சியியலாளரின் ஆய்வை ஒட்டி, கேமரூனிலிருந்து ஒரு சிறு கூன்வண்டு மலேசியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. எலைடோபியஸ் கேமருனிகஸ் என்பது அதன் பெயர். அது சோம்பு வாசனை வீசும் ஆண் பூக்களில் வளரும். அதே வாசனை வீசும் பெண் பாளைக்கும் போய் வரும். கையால் தூவும் வேலை அதோடு ஓய்ந்தது. கண்மூடித்தனமாக மருந்தடித்தால் இதுவும் செத்துவிழும்.

ஆகவே முதல் வேலை எண்ணிப் பார்ப்பது. நூற்றுக்கு ஒரு மரம் என்ற அளவில் தேர்ந்தெடுத்து, நடு வரிசை மட்டையில் உயிருள்ள புழுக்களை எண்ணுவார்கள். மெட்டிசா ப்ளானா மட்டைக்குப் பத்தைத் தாண்டினால்தான் மருந்து. பையைப் பிரித்துப் பார்ப்பதும் அவசியம். உள்ளே குளவியின் கூட்டுப்புழு இருந்தால், வேலை ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது. காத்திருப்பதே நல்லது. கண்ணுக்குத் தெரிகிற பூச்சியை உடனே அடித்தாக வேண்டும் என்ற பதற்றமே தோட்டத்துக்குப் பெரிய ஆபத்து என்பது என் உறுதியான எண்ணம்.

அடித்தே தீர வேண்டுமென்றால் பாசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற நுண்ணுயிரி இருக்கிறது. இலையோடு சேர்த்துத் தின்ற புழுவின் குடலில்தான் அதன் நஞ்சு வேலை செய்யும். இலை தின்னாத குளவிக்குக் கேடில்லை. ஆனால் புழு இளசாக இருக்கும்போதே தெளிக்க வேண்டும்; வெயிலும் மழையும் அதை விரைவில் வீணாக்கிவிடும். வளர்ந்த மரங்களில் தண்டைத் துளைத்து ஊடுருவும் மருந்தைச் செலுத்தும் முறையும் உண்டு. இலைமேல் மருந்து படியாததால் குளவிகள் பெரும்பாலும் தப்பும்.

வளர்ந்த குளவிக்கு உணவு பூந்தேன். களையெல்லாம் ஒழித்துத் தரையை வழித்துவிட்ட தோட்டத்தில் அதற்குச் சாப்பாடு ஏது? அதனால்தான் பாதையோரங்களில் டர்னெரா, ஆன்டிகோனன், கேசியா கோபனென்சிஸ் செடிகளை நட்டு வளர்க்கிறார்கள். பைப்புழுவைக் குத்திக் குடிக்கும் சைக்கானஸ் நாவாய்ப்பூச்சியும் அவற்றை நாடி வரும். களைக்கொல்லி அடிக்கப் போகிறவருக்கு இந்தச் செடிகளைக் காட்டி, எதற்காக நட்டது என்று முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.